மலிவு விலையில் இரண்டு

பொருநை நிலையம், கானிமீட் சுற்றுப்பாதை
நாள் 211 — 07:10

வழக்கமான பதிவு. காற்றழுத்தம் சரி. நீர் மீட்பு சரி. இடது பக்கக் காற்றாடி நேற்றுப் போலவே முனகுகிறது. எண்ணெய் விட்டும் கேட்கவில்லை, அதன் குணம் அப்படி.

இதை எடுத்துப் படிக்கிறவர் யாரோ, அவருக்கு ஓர் அறிமுகம். நான் அருமைநாயகம், வயது ஐம்பத்து நான்கு, கணினிப் பொறியாளர், ஊர் சாத்தான்குளம் பக்கம். வியாழனின் துணைக்கோளான கானிமீடைச் சுற்றும் இந்த நிலையத்தில் மொத்தமே இரண்டு பேர். இன்னொருத்தி மெய்யம்மை, பனி ஆய்வாளர், காரைக்குடிக்காரி. பதினோரு நாளாக அவள் கீழே, கானிமீடின் தரையில் கூடாரம் போட்டுப் பனியைத் துளைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை ஏற்றி இறக்கும் சிறு கலத்துக்கு ஓடம் என்று பெயர். மேலே நான் ஒற்றைக்கட்டை.

என் தினசரி வேலைகளில் ஒன்று நினைவக ஒப்பீடு. நிலையத்தில் மூன்று கணினிகள் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போடுகின்றன. மூன்றில் இரண்டு என்ன சொல்கின்றனவோ அதுவே முடிவு. ஒன்றாம் கணினியில் இருப்பது கதிர்வீச்சைத் தாங்கும் நினைவகம். விலை நான்கு கோடியே இருபது லட்சம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருப்பது கடைத்தெருச் சரக்கு, உங்கள் வீட்டு மேசைக் கணினியில் இருக்கும் அதே வகை. ஒவ்வொன்றும் மூன்று லட்சத்து அறுபதாயிரம். விண்வெளியில் பறக்கும் துகள் ஒன்று நினைவகத்தில் மோதினால், அங்கே எழுதியிருக்கும் 0 சில சமயம் 1 ஆகிவிடும். விலை கூடியது அந்த அடியைத் தாங்கும். மலிவானது தாங்காது. ஒரு பிழையைத் தவிர்க்க எத்தனை ரூபாய் ஆகிறது என்று தினமும் கணக்குப் போட்டு வைக்கிறேன். அடுத்த பயணத்துக்கு எதை வாங்குவது என்று இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இன்று: ஒன்றாம் கணினி, பிழை இல்லை. இரண்டாவது, நான்கு. மூன்றாவது, நான்கு. எல்லாம் மற்றக் கணினிகளோடு ஒப்பிட்டுத் தானாகத் திருத்தப்பட்டன. ஒன்று உசத்தி, இரண்டு மலிவு என்ற யோசனை என்னுடையது. அரசாங்கத்துக்கு மிச்சம் எட்டுக் கோடிக்கு மேல். பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பெருமை அடித்துக்கொள்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாள் 211 — 13:40

தரையிலிருந்து மெய்யம்மை:

"அண்ணே, இன்னைக்கு நானூத்திப் பன்னெண்டு மீட்டர் எறங்கியாச்சு. மூணாவது ட்ரில் பிட்டும் மொக்கையாப் போச்சு. நல்லதா ரெண்டு வாங்கிக் குடுக்கக் கூடாதா? இதுவும் ஒங்க கைங்கரியம்தானா?"

நான்: "ட்ரில் பிட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லம்மா. நான் வாங்குனது கம்ப்யூட்டர் மட்டும்."

"அப்ப அது எப்பப் போகப்போகுதோ!"

வாய் சும்மா இருக்காது அந்தப் பெண்ணுக்கு. சிரித்து முடித்துவிட்டு, மேலே வந்ததும் வெந்நீரில் முழுசாகப் பத்து நிமிடம் குளிக்கப்போவதாகவும், தண்ணீர்க் கணக்குப் பார்த்துக் கதவைத் தட்டினால் என்னை வெளியே தள்ளிவிடுவதாகவும் சொன்னாள். எட்டு நிமிடம் தருகிறேன் என்றேன். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கணவன் சொக்கலிங்கம் மதுரையில் கல்லூரி ஆசிரியர். ஆத்தா என்று அவள் சொல்வது அம்மாவை. இருவரும் வாரம் ஒரு முறை ஒலிச்செய்தி அனுப்புவார்கள், இவள் அதைப் பத்து முறை கேட்பாள்.

நாள் 211 — 16:25

பூமியிலிருந்து செய்தி. ஒரு வார்த்தை வந்து சேர நாற்பத்திரண்டு நிமிடம் ஆகும், பதில் போக அதே அளவு. பேசியது தரைக் கட்டுப்பாட்டில் இருக்கும் துரைக்கண்ணு:

"அருமை சார், பெரிய சூரியப் புயல் ஒண்ணு ஒங்க பக்கம் வந்துட்டிருக்கு. நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு மெயின் அலை வந்துரும். கீழ இருக்குற கூடாரம் அதத் தாங்காது சார். மெய்யம்மை மேடத்த அதுக்குள்ள மேல ஏத்திருங்க. தயவுசெஞ்சு லேட் பண்ணாதீங்க."

ஓடத்தின் என்ஜின் சூடேறப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். உடனே தொடங்கச் சொன்னேன். விடியற்காலைக்கு முன்னால் கிளம்ப வழியில்லை. நாளை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை வியாழன் குறுக்கே வந்துவிடும், பூமியோடு பேச முடியாது. ஆபத்து வரும்போதுதான் எல்லாம் சேர்ந்து வரும், பட்ட காலிலே படும் என்பது சும்மா சொன்னதில்லை. அந்த மூன்று மணி நேரத்துக்கு அவளுக்கு நான், எனக்கு அவள். துணைக்கு மூன்று கணினிகள்.

நாள் 212 — 06:10

ஓடம் கிளம்பிவிட்டது. சுத்தமான ஏற்றம். பூமித் தொடர்பு பத்து நிமிடத்துக்கு முன் அறுந்தது, எதிர்பார்த்ததுதான். ஓடத்தில் பத்தரை மணி நேரத்துக்குக் காற்று இருக்கிறது. இங்கே வந்து சேர மூன்று மணி நேரம் கூட ஆகாது.

நாள் 212 — 07:20

துகள்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டன. ஓடத்தின் ராடார் கண்ணவிந்து போயிற்று. இனி நிலையம் எங்கே இருக்கிறது என்பதை நிலையமே சொல்ல வேண்டும். என் கணினிகள் அனுப்பும் எண்ணை நம்பித்தான் அவள் வந்தாக வேண்டும்.

பிழைக் கணக்கு: ஒன்றாவது, பிழை இல்லை. இரண்டாவது, அறுபத்தொன்று. மூன்றாவது, அறுபத்தொன்று. ஒரே எண். தற்செயல்.

நாள் 212 — 07:48

கணினிகள் ஒத்துப்போகவில்லை.

நிலையம் இருக்கும் இடத்துக்கு ஒன்றாம் கணினி ஓர் எண் சொல்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அதைவிட அறுபது கிலோமீட்டர் முன்னால் இருப்பதாகச் சொல்கின்றன. விதிப்படி இரண்டு சொன்னதே முடிவு, அது ஓடத்துக்குப் போய்விட்டது; ஒன்றாவதின் எண்ணும் கூடவே அவள் திரையில் தெரியும். ஓடத்தை ஓட்டும் அவள் விரும்பினால் நான்கு நிமிடத்துக்குள் கையால் வேறு எண் போடலாம். ஓடத்தில் இன்னும் ஒரு முறை உந்துவதற்குத்தான் எரிபொருள். தப்பினால் மறுமுறை கிடையாது.

மெய்யம்மை: "அண்ணே, ரெண்டு நம்பர் வருது. எது சரி?"

நான்: "மெஜாரிட்டி ரெண்டாவதும் மூணாவதும் சொல்றதுதான்."

"அது தெரியுதுண்ணே. ஒண்ணாவதுதான காஸ்ட்லி மெமரி? அது எப்படித் தப்பாச் சொல்லும்?"

"காஸ்ட்லின்னா தப்பே வராதுன்னு இல்லம்மா."

"ஒண்ணு கேக்கறேன். ரெண்டாவதும் மூணாவதும் ஒரே எடத்துச் சரக்கா? ஒரே சரக்குன்னா ரெண்டும் ஒரே மாதிரி தப்புப் பண்ணும்ல?"

"வேற வேற கம்பெனி. வேற வேற ஊரு. ஃபைல்ல தெளிவா இருக்கு."

"நிச்சயமாண்ணே?"

"நிச்சயம்மா."

"சரி. ஒங்க பேச்ச நம்பி அமுக்கறேன்."

07:53. உந்துதல் முடிந்தது.

நாள் 212 — 08:40

சாளரத்தில் நின்றேன். ஓடம் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் முன்பக்கம் வெகு தூரத்தில் ஒரு சிறு வெளிச்சம் தெரிந்தது. அவள்தான். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். அதற்கு மேல் நெருங்கவில்லை, விலகத் தொடங்கியது.

ஒன்றாம் கணினி சொன்னதுதான் சரி.

மெய்யம்மை: "அண்ணே? ஒங்களக் காணோமே. நான் நீங்க சொன்ன எடத்துலதான் நிக்கறேன். அண்ணே, எங்க இருக்கீங்க?"

நாள் 212 — 09:04

பூமி திரும்பக் கிடைத்தது. எல்லா எண்களையும் அனுப்பினேன்.

அதற்குள் நானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், மூன்று விதமாக, கையால், காகிதத்தில். ஓடத்தில் எரிபொருள் இல்லை. நிலையத்தின் என்ஜின் தன் பாதையைப் பிடித்துவைக்க மட்டும் போதுமானது. அதைக் கொண்டு அவளிடம் போய்ச் சேர ஆறு நாள் ஆகும். அவளுக்குக் காற்று பகல் நாலரை மணி வரை. விண்வெளி உடையோடு நான் குதித்துப் போகலாமா என்றுகூடக் கணக்குப் போட்டேன். சிரிப்பு வருகிற கணக்கு அது. ஆனாலும் போட்டேன்.

நாள் 212 — 10:35

துரைக்கண்ணு:

"சார்... இங்க எல்லாரும் ஒக்காந்து பாத்துட்டோம். பதினாலு பேரு சார். வழி இல்ல. மேடத்துக்கு நாங்க சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவளும் அதே கணக்கைப் போட்டிருந்தாள்.

மெய்யம்மை: "எனக்கும் அதான் வந்துச்சுண்ணே. ஆறு நாளு. நீங்க அழுவாதீங்க, எனக்குக் கேக்குது. மெஷின் பண்ணுன தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஐயோ, என்னைத் தேற்றுகிறாள். சாகப்போகிறவள் அவள், தேற்றுவதும் அவள்.

நாள் 212 — 11:20

இரண்டாவது, மூன்றாவது கணினிகளின் பெட்டிகளைத் திறந்தேன். எட்டு நினைவகப் பட்டைகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். இரண்டாவதில் இருந்தவற்றில் கோயம்புத்தூர்க்காரரின் மஞ்சள் ஸ்டிக்கர். மூன்றாவதில் இருந்தவற்றில் ஓசூர்க்காரரின் நீல ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். மஞ்சளுக்கு அடியிலும் நீலத்துக்கு அடியிலும் அச்சடித்திருந்த தயாரிப்பு எண் ஒன்றே. ஒரே ஆலை, ஒரே வாரம், ஒரே தொகுதி.

இட்லித் தட்டில் ஒரு குழி ஓட்டையாக இருந்தால் அந்தக் குழியில் வேகும் எல்லா இட்லியும் ஒரே இடத்தில் பிய்ந்துபோகும். அதே கதைதான். இந்தத் தொகுதியில் நினைவகத்தின் ஒரு வரிசை பலவீனமாக வார்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு கணினிகளும் ஒரே நிரலை ஓட்டுவதால் நிலையத்தின் இருப்பிடத்தை இரண்டுமே அந்த வரிசையில்தான் எழுதிவைத்திருந்தன. அடி விழுந்ததும் இரண்டும் ஒரே மாதிரி மாறிவிட்டன. பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின.

அவள் கேட்டது இதைத்தான். வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான் கேட்டாள்.

நாள் 212 — 11:55

அரசு அலுவலகத்தில் விலை ஒப்பீட்டுப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்று கடைக்காரர்களைத் தேடி யார் அலைவது? தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் சொன்னால் போதும், மூன்றையும் அவரே கொண்டுவந்துவிடுவார். ஒன்று அவருடைய லெட்டர்பேடில், ஒன்று மச்சான் லெட்டர்பேடில், ஒன்று ஒப்புக்குச் சப்பாணி. அதில் விலை குறைந்ததற்கு ஆர்டர் போகும். நாற்காலியும் மின்விசிறியும் அப்படித்தான் வாங்குகிறோம், யாரும் செத்துப்போனதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் மார்ச் மாதம். மூன்று கணினிக்கும் விலை கூடிய நினைவகம் கேட்டேன். நிதிப் பிரிவு சிரித்தது. பிழை திருத்தும் நினைவகம் என்று நடுத்தர வகை ஒன்று உண்டு, முப்பத்தெட்டு லட்சம், அதையாவது கொடுங்கள் என்றேன். அது இரண்டுங்கெட்டான், வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் ஒன்று உசத்தி, இரண்டு மலிவு என்று எழுதிக்கொடுத்தேன். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டேன்: மலிவான இரண்டும் வெவ்வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து வர வேண்டும், ஒரே தொகுதியாக இருக்கவே கூடாது. அடிக்கோடு போட்டவன் நான்தான். அடிக்கோடு போடும் அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் 29. டெண்டர் திறக்கும் நாள். இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர்க்காரரும் ஓசூர்க்காரரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். மதியம் வேப்பமரத்தடியில் ஒருவர் டிபன் பாக்ஸில் மற்றவர் கைவைத்துச் சாப்பிட்டார். மாப்பிள்ளை, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். கேட்டிருந்தால் டெண்டரை ரத்து செய்ய வேண்டும், மார்ச் 31 தாண்டினால் பணம் திரும்பிப் போய்விடும், ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த வருடம் என் பதவி உயர்வும் இருந்தது. சொந்தக்காரர்களாக இருந்தால் என்ன, சரக்கு வேறாக இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை அவள் கேட்டபோது அந்தக் கார்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் வாய் ஃபைலில் இருப்பதைச் சொல்லிவிட்டது. முப்பது வருடப் பழக்கம். ஃபைலில் இருந்தால் அது உண்மை.

நாள் 212 — 12:15

இன்னும் நான்கு மணி நேரம். சொல்ல வேண்டுமா?

சொல்லாவிட்டால் மெஷின் மேல் பழியைப் போட்டுவிட்டு என்னை அண்ணன் என்று அழைத்தபடியே போவாள். நிம்மதியாகப் போவாள். சொன்னால் யாருக்கு லாபம்? எனக்குத்தான். என் பாரத்தை அவள் தலையில் இறக்கிவைக்கிற வேலை அது.

இப்படியும் யோசித்துப் பார்த்தேன். அப்புறம் பார்த்தால், இது அதே யோசனை. சொல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்று ஒன்பது வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் யோசித்தேன்.

நாள் 212 — 12:40

சொல்லிவிட்டேன். பேசியதை அப்படியே பதிகிறேன்.

நான்: "மெய்யு, காலைல ஒரு கேள்வி கேட்டியே. ரெண்டும் ஒரே சரக்கான்னு."

"ஆமாண்ணே."

"ஒரே சரக்குதாம்மா. இப்பப் பெட்டியத் தொறந்து பாத்துட்டேன். அத வாங்குனதும் நான்தான். அந்த ரெண்டு பேரும் ஒரே குடும்பம்னு வாங்கும்போதே எனக்குத் தெரியும். காலைல நீ கேக்கும்போதும் ஞாபகம் வந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு நிமிடம் கழித்துப் பேசினாள்.

"அண்ணே, நான் ஒண்ணாவது நம்பரக் கையால போட்டுட்டேன். அமுக்கறதுக்கு முன்னாடி சும்மா ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம்னுதான் கேட்டேன். நீங்க நிச்சயம்னு சொன்னதும் அழிச்சுட்டேன்."

"மெய்யு..."

"எனக்குச் சரியாத்தான் தோணியிருக்கு. எனக்குத் தெரிஞ்சிருக்கு, அண்ணே."

"என்ன மன்னிச்சிரு தாயி."

"அதெல்லாம் இப்பக் கேக்காதீங்க. நேரம் கம்மியா இருக்கு. ஆத்தாகிட்டயும் அவுககிட்டயும் பேசணும். நீங்க ரிலே மட்டும் போட்டு விடுங்க. ஒங்ககிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல."

நாள் 212 — 13:05

ஓடத்தின் சிறு ஆன்டெனா பூமியை எட்டாது. அவள் பேசுவதெல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும். ரிலேயைப் போட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். குரல் வருவதைக் காட்டும் பச்சைக் கோடு மட்டும் திரையில் ஏறி இறங்குகிறது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

நாள் 212 — 14:31

பூமியிலிருந்து அவளுக்கு ஒலிச்செய்தி வந்தது. இரண்டு குரல்கள் என்று தலைப்பில் இருந்தது. கேட்காமல் அனுப்பிவைத்தேன். பச்சைக் கோடு இருபது நிமிடம் அசையவில்லை. பத்து முறை கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாள் 212 — 15:22

எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் ஹெட்போனை மாட்டினேன். அவள் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"சிக்னல் விட்டு விட்டுப் போகுது. ரிலே ஆன்டெனாவ ரெண்டு டிகிரி வடக்கத் திருப்புங்க."

திருப்பினேன். சரியாகிவிட்டதா என்று கேட்டேன்.

"ம்."

அண்ணே என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது. எதிர்பார்த்தேன்.

நாள் 212 — 16:18

பச்சைக் கோடு நின்றுவிட்டது.

நாள் 212 — 16:50

மெய்யம்மை. மெய்யம்மை. பொருநை அழைக்கிறது. மெய்யம்மை.

நாள் 212 — 17:30

மெய்யம்மை, பொருநை அழைக்கிறது.

நாள் 213 — 08:00

காற்றழுத்தம் சரி. நீர் மீட்பு சரி.

துரைக்கண்ணு: "சார், மேலிடத்துல இருந்து ஒரு ட்ராஃப்ட் அனுப்பியிருக்காங்க. காரணம் சூரியப் புயல்னு போட்டிருக்கு. நீங்க ஓகேன்னு சொன்னாப் போதும்னாங்க. வேற எதையும் நீங்க எழுத வேண்டாமாம்."

நேற்று 11:55-க்கு எழுதியதையும் தயாரிப்பு எண்களின் படங்களையும் இணைத்துப் பதில் அனுப்பினேன். ஓகே இல்லை என்றும் எழுதினேன். இதே பக்கங்களை அவள் வீட்டுக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய ஆத்தாவுக்கு யார் படித்துக்காட்டுவார்களோ தெரியவில்லை.

ஒப்பீட்டு அறிக்கைக்கு இன்றைய கணக்கு: விலை கூடியது, பிழை இல்லை. மலிவானது, மிச்சம் எட்டுக் கோடியே முப்பத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம், செலவு ஒரு ஆள். இப்படியே எழுதி அனுப்பினேன். என்ன செய்துவிடுவார்கள்?

நாள் 213 — 10:15

துரைக்கண்ணு: "சார், விசாரணைக் கமிட்டி போட்டாச்சு. ரெண்டாவது, மூணாவது கம்ப்யூட்டரத் தொடாதீங்க. பட்டையெல்லாம் இருந்த மாதிரியே மாட்டி ஓட விடுங்க. எவிடன்ஸ்ங்கிறாங்க."

மாட்டினேன். காற்றையும் சூட்டையும் நீரையும் இனியும் இந்த மூன்றும் சேர்ந்துதான் பார்த்துக்கொள்ளும்.

நாள் 214 — 06:00

நிலையம் தானாகக் கேட்கும் காலைக் கேள்வி. இதுவரை கவனிக்காமல் அழுத்திக்கொண்டிருந்த கேள்வி.

*உள்ளே இருக்கும் பணியாளர் எண்ணிக்கை 2. சரியா?*

பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். நேற்று முன்தினம் 08:40-க்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஓடம் வாசலில் இணைந்துவிட்டது என்று எழுதியிருக்கின்றன. அவற்றின் கணக்குப்படி அவள் சரியான இடத்துக்கு, சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள். வாசலில் ஒன்றும் தொடவில்லை என்று உணரி சொன்னதை, உணரி பழுது என்று முடிவு கட்டியிருக்கின்றன. ஒன்றாவது மட்டும் வரவில்லை என்கிறது.

"இல்லை" என்பதை அழுத்தினேன். நான் சொல்வதற்கும் ஓர் ஓட்டு உண்டு.

*இல்லை: 2. ஆம்: 2. சமநிலை. விதி 7: ஐயம் எழுந்தால் ஆள் உயிருடன் இருப்பதாகவே கொள்க. எண்ணிக்கை 2.*

நல்ல விதி. எழுதியவர் யாரோ, நல்ல மனிதர்.

அவளுடைய அறையில் விளக்கு எரிந்தது. வெப்பக்காற்று ஓடத் தொடங்கியது.

நாள் 217 — 06:00

*எண்ணிக்கை 2. சரியா?*

இல்லை.

*விதி 7. எண்ணிக்கை 2.*

இரண்டு பேருக்கான காற்று. இரண்டு பேருக்கான தண்ணீர். அவளுடைய பங்கைக் கணினி தனியாக எடுத்து வைக்கிறது. அவள் கணக்கில் இப்போது குளிப்பதற்கு முப்பத்தெட்டு நிமிடத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. எட்டு நிமிடம்தான் தருவேன் என்று சொன்னவன் நான். பேசாமல் சரி என்று சொல்லியிருக்கலாம்.

ஓடம் இப்போது கானிமீடின் மறுபக்கத்தில். இன்னும் மூன்று நாளில் ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் கடக்கும். கடக்கும்போது அதன் கருவி தானாக ஒரு செய்தி அனுப்பும். இணைவதற்கு அனுமதி கேட்கும்.

நாள் 220 — 05:41

கேட்டது. அனுமதி கொடுத்தேன். அது பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டது.

நாள் 220 — 06:00

*எண்ணிக்கை 2. சரியா?*

இல்லை.

ஏழாவது நாளாக என் கையால் சொல்கிறேன். அவள் செத்துவிட்டாள் என்று தினமும் காலையில் ஒரு முறை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மலிவுக் கணினிகளும் மறுக்கின்றன. ஒரே மாதிரி, ஒரே குரலில் மறுக்கின்றன. என்னைவிட அவை நல்லவை என்றுகூடத் தோன்றுகிறது.

*விதி 7. எண்ணிக்கை 2.*

அவளுடைய அறை வாசலில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் வருகிறது. உள்ளே கதகதப்பாக இருக்கிறது, கையை வைத்துப் பார்த்தேன். தட்டவில்லை.

நாளைக்கும் ஆறு மணிக்குக் கேட்கும்.